பட்டறைப் பதில்கள்: கத்தியின் கன்னத்தைப் பாருங்கள்

போன இதழில் வெட்டுகத்தி தீட்டுவது பற்றிப் பத்து வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பைக்கு இருக்கின்றன. கதவு நிலை, கட்டில் கால் என்று கேட்டு எழுதியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்த மாதம் முழுக்கக் கத்திதான்.

ஐயா, எனக்கு நாகர்கோவில். பெங்களூரில் கணினி வேலை. நண்பர்களோடு மாதம் ஒருமுறை கூடாரம் அடித்துத் தங்கப் போவோம். விறகு சீவ, குச்சி செதுக்க, காய் நறுக்க ஒரே கத்தியாக வாங்கலாம் என்று தேடினால் ஸ்காண்டி, ஃபுல் ஃப்ளாட், ஹாலோ, கான்வெக்ஸ் என்று நாலு பெயர் வருகிறது. என்ன வித்தியாசம்? எதை வாங்க?

கத்தியைக் குறுக்கே அறுத்தால் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள், தம்பி. முதுகு கனமாக இருக்கும். வெட்டுகிற ஓரம், அதாவது வாயில், கனமே இருக்காது. முதுகிலிருந்து வாய்க்கு வருகிற வழியில் இரும்பு எப்படி மெலிகிறது என்பதற்குத்தான் அந்த நாலு பெயரும். என் அப்பா இந்த இடத்தைக் கன்னம் என்பார். கன்னம் நேராகச் சரிந்தது, ஒட்டினது, உப்பினது என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்.

முதுகிலிருந்து வாய்வரை ஒரே நேர்ச் சரிவாக வருவது ஃபுல் ஃப்ளாட். உங்கள் வீட்டுக் காய்கறிக் கத்தி பெரும்பாலும் இதுதான். வாயோரத்தில் மட்டும் நூல் அளவுக்கு இன்னொரு சின்னச் சரிவு இருக்கும். உடம்பு முழுக்க மெல்லிசு என்பதால் வெங்காயம், தக்காளி எல்லாம் தடையில்லாமல் பிரியும். குச்சியும் சீவலாம். ஆனால் மரத்தில் இழுக்கும்போது அந்த நூல் சரிவு எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கைக்குத் தெரியாது. வழுக்கும், திடீரென்று ஆழமாக இறங்கும்.

கன்னம் உள்வாங்கி ஒட்டினது ஹாலோ. பழைய சவரக்கத்தியைப் பார்த்தவர்களுக்குப் புரியும். வாய்க்குப் பின்னால் இரும்பே இல்லாத மாதிரி மெலிந்திருக்கும். தாடிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. மரத்துக்குள் இறக்கினால் மெலிந்த இடம் முடிந்து கனம் தொடங்கும் இடத்தில் சிக்கும். பக்கவாட்டில் ஒரு திருகு திருகினால் வாய் மடங்கும், இல்லாவிட்டால் தெறிக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாந்து இதைக் காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள்தான் அதிகம்.

உப்பினது கான்வெக்ஸ். நம் வெட்டுகத்தி, கோடாலி எல்லாம் இந்தச் சாதி. முருங்கைக்காயைப் பிளந்து கவிழ்த்த மாதிரி இரண்டு பக்கமும் மெல்ல வளைந்து வந்து வாயில் சேரும். வாய்க்குப் பின்னால் இரும்பு நிறைய இருப்பதால் அடி தாங்கும். உப்பின கன்னம் மரத்தை இரண்டு பக்கமும் தள்ளிக்கொடுப்பதால் கத்தி மாட்டிக்கொள்ளாது. இளநீர் வெட்டுகிறவர் கையைக் கவனியுங்கள். ஒரு போடு போட்டதும் கத்தி தானாக வெளியே வரும். அதற்குக் காரணம் கைப்பழக்கம் பாதி, கன்னம் பாதி.

நாலாவது ஸ்காண்டி. இது வடக்கே ஸ்வீடன், பின்லாந்து, நார்வே பக்கத்துக் கத்தி. ஸ்வீடனில் மோரா என்ற ஊர்ப்பக்கம் கத்தி செய்வதே தொழில். இப்போதிருக்கும் மோரா கத்திக் கம்பெனியின் தொடக்கம் 1891. இந்தக் கத்திக்கு முதுகிலிருந்து பாதிக்கு மேல் கன்னமே கிடையாது, சுவர் மாதிரி நேராக இறங்கும். அப்புறம் ஒரு அகலமான சரிவு, அதுவே வாயில் முடியும். நூல் சரிவு கிடையாது. இதில் என்ன விசேஷம் என்றால், அந்த அகலச் சரிவை மரத்தின்மேல் படுக்க வைத்தால் அதுவே உளியின் பட்டை மாதிரி வழிகாட்டும். முதுகை ஒரு மயிரிழை தூக்கினால் கனமான சீவல், தாழ்த்தினால் காகிதச் சீவல். தீட்டுவதும் சுலபம். சரிவு முழுவதையும் கல்லில் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டியதுதான், கோணத்தை ஊகிக்க வேண்டாம். குறை என்னவென்றால், சமையலுக்கு ஆகாது. கேரட்டை நறுக்கினால் பாதி வரை வெட்டும், மீதியைப் பிளக்கும்.

உங்களுக்கு ஒரே கத்தி என்றால், முதுகு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, 10 சென்டிமீட்டர் அலகுள்ள, கார்பன் இரும்பு ஸ்காண்டி. காய் நறுக்க ஐம்பது ரூபாய்க்கு ஒரு சின்னக் கத்தி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கத்தியால் எல்லாம் செய்வேன் என்பது வீம்பு.

வாங்கும்போது கோணத்தைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள். சரிவு தொடங்கும் இடத்தில் கத்தியின் கனம் எவ்வளவு, அந்தச் சரிவின் அகலம் எவ்வளவு என்று இரண்டையும் அளங்கள். அகலம் கனத்தைப்போல 2 மடங்கு இருந்தால் வாயின் மொத்தக் கோணம் 29 டிகிரி. இரண்டரை மடங்கு என்றால் 23. 3 மடங்கு என்றால் 19. செதுக்கு வேலைக்கு 20லிருந்து 25க்குள் இருப்பது நல்லது.

இன்னொன்று. பேச்சிப்பாறைக்கு மேலேயும் கீரிப்பாறைப் பக்கமும் காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவதும் பச்சைக் கொம்பை வெட்டுவதும் குற்றம். கத்தி பழக உங்கள் சொந்த விளையில், அதாவது தோப்பில், விழுந்து கிடக்கும் கொம்பே ஏராளம்.

மாமா, நான் குலசேகரம். ஆசைப்பட்டு ஒரு ஸ்காண்டி கத்தி வாங்கினேன். பச்சைப் பூவரசில் கரண்டி செதுக்கினால் வாழைத்தண்டு மாதிரிப் போகிறது. விளையில் கிடந்த காய்ந்த அயனிப்பலாக் கொம்பில் ஒரு கணுவைக் கொத்தினேன். வாயில் இரண்டு இடம் தெறித்துவிட்டது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை மக்களே. கத்தி பிறந்த ஊரில் பிர்ச், பைன் என்று சீவினால் சுருள் சுருளாக வருகிற மரங்கள். அங்கேயும் அதைச் சீவத்தான் செய்கிறார்கள், கொத்துவதில்லை. நீ காய்ந்த அயனியில், அதுவும் கணுவில், அதுவும் கொத்தினாய். மூன்று தப்பு ஒன்றாகச் சேர்ந்தால் எந்த ஊர் இரும்பும் தெறிக்கும். நம்மூரில் இன்னும் மோசமான ஆட்கள் உண்டு. தென்னை, பனை, மூங்கில் மூன்றிலும் மணலின் சத்தான சிலிக்கா இருக்கிறது. கத்தி அதில் தெறிக்காது, மழுங்கும். பனைமரத்து வைரத்தில் பத்து நிமிடம் செதுக்கிவிட்டு வாயை நகத்தில் வைத்துப் பார், வழுக்கும்.

சரி, தெறித்ததை என்ன செய்ய? சொரசொரப்பான 400 நம்பர் கல்லில் சரிவைப் படுக்க வைத்து, தெறித்த பள்ளம் மறையும்வரை தேய். ஒரு மணிநேரம் போகும். ஸ்காண்டியில் சரிவு முழுவதும் தேய வேண்டியிருப்பதால் இதுதான் தண்டனை. அப்புறம் அதைவிட நைசான 1000 நம்பர். கடைசியாக, முதுகை ஒன்றரை மில்லி மட்டும் கூடுதலாகத் தூக்கி, பக்கத்துக்கு நாலு இழுப்பு, பூ மாதிரி. வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு குட்டிச் சரிவு விழும். சுத்த ஸ்காண்டிக்காரர்கள் இதைப் பாவம் என்பார்கள். நம் மரத்துக்கு இது வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் கூத்து ஞாபகம் வந்தது. அப்போது எனக்குப் பதினேழு வயது. அப்பாவிடம் லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லன் அடித்துக்கொடுத்த வெட்டுகத்தி ஒன்று இருந்தது. அவர் ஒரு வீட்டு வேலைக்கு வெளியூர் போயிருந்தார். இந்தக் கத்திக்கு ஏன் இப்படிக் கன்னம் உப்பியிருக்கிறது, தட்டையாக்கினால் இன்னும் கூர்மை வருமே என்று எனக்குத் தோன்றிவிட்டது. மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் அரம், அப்புறம் கல். முன்கை மயிரை வழித்துப் பார்த்தேன், சவரக்கத்தி தோற்றது. ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு பெருமை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் புளியங்கொம்பு வழியில் முறிந்து விழுந்து கிடந்தது. முதல் வெட்டு இரண்டு விரல் ஆழம் போய், அங்கேயே சிக்கிக்கொண்டது. காலால் மிதித்துப் பிடுங்கினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வெட்டு கணுவில் விழுந்தது. வழக்கமாக ‘டொக்’ என்று கேட்கும் சத்தம் ‘டிக்’ என்று கேட்டது. எடுத்துப் பார்த்தால், வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி ஒரு பிறை வாயிலிருந்து காணாமல் போயிருந்தது.

அப்பா வந்தார். அடிக்கவில்லை. பெருவிரலைக் கன்னத்தில் வைத்து மேலிருந்து கீழே ஒருதரம் தடவினார். “கன்னத்த வழிச்சுட்டியேடா மக்கா” என்றார். அவ்வளவுதான். அந்தக் கன்னம் பழையபடி உருண்டு வருவதற்கு இரண்டு மழைக்காலம் தீட்ட வேண்டியிருந்தது. தீட்டினது நான்தான்.

கருங்கல் ஊரிலிருந்து ஒரு வாசகர்: உப்பின கன்னம் என்கிறீர்கள். கல் தட்டையாக இருக்கிறது. அதில் எப்படி உருண்டையாகத் தீட்டுவது?

கல்லைத் தட்டையாக வைத்துக் கையை ஆட்ட வேண்டும். தள்ளும்போது முதுகு தாழ்ந்து, இழுக்கும்போது மெல்ல எழும். பழகாத கைக்கு இது வராது. அதனால் ஒரு குறுக்குவழி. பலகைத் துண்டின்மேல் பழைய சைக்கிள் டியூபை அறுத்து விரித்து ஆணி அடியுங்கள். அதன்மேல் தண்ணீர் பட்டால் கிழியாத உப்புத்தாள், 400 நம்பர். கத்தியை வாய்க்கு எதிர்த்திசையில் மட்டும், அதாவது முதுகு முன்னால் போகும்படி இழுங்கள். ரப்பர் அமுங்கிக் கொடுப்பதால் தாள் தானாகக் கன்னத்தைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். வாய்க்கு நேரே தள்ளினால் தாள் கிழியும், வாயும் உருண்டு மொட்டையாகும். 400 முடிந்து 800, அப்புறம் 1500. கடைசியில் தேய்ந்த தோல் பெல்ட்டில் பச்சைப் பாலிஷ் மெழுகைத் தேய்த்து, அதில் பக்கத்துக்கு இருபது இழுப்பு.

தீட்டும்போது வாயோரத்தில் மடிந்து நிற்கும் இரும்புப் பிசிறு போய்விட்டதா என்று பார்க்க, வாயைக் கட்டைவிரலின் குறுக்கே லேசாகத் தடவுங்கள். நெடுக்கே தடவினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். ஒரு பக்கம் ஒட்டுகிற மாதிரி இருந்தால் பிசிறு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு ஐடிஐ மாணவர்: உளிக்கு மட்டும் ஒரு பக்கம்தான் சரிவு. கத்திக்கு இரண்டு பக்கம். ஏன்? நான் இடது கைக்காரன், அதனால் ஏதாவது மாறுமா?

நல்ல கேள்வி. உளியின் தட்டையான முதுகுதான் அதன் கண். நிலைக்குத் துளை எடுக்கும்போது கோட்டின்மேல் அந்தத் தட்டைப் பக்கத்தை வைத்து அடித்தால் சுவர் செங்குத்தாக இறங்கும். இரண்டு பக்கமும் சரித்தால் உளி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவே ஒதுங்கும். பத்மநாபபுரம் அரண்மனையின் முன்மண்டபமான பூமுகத்தில் அண்ணாந்து பார். மேல்தட்டில் 90 விதப் பூ என்று காட்டுவார்கள். அத்தனையும் உளி வேலை.

கோணக் கணக்கு உளிக்கு வேறு. சரிவின் அகலம் உளியின் கனத்தைப்போல 2 மடங்கு என்றால் 30 டிகிரி. சரிவு ஒரு பக்கம்தானே, பங்குபோட ஆளில்லை. தேக்கு, அயனிக்கு அந்த 30 சரி. மெதுவான மரத்தில் கையால் தள்ளிச் சீவ 25.

இடது கைக்கு உளியில் ஒன்றும் மாறாது, திருப்பிப் பிடித்தால் தீர்ந்தது. ஆனால் ஒரு பக்கச் சரிவுள்ள செதுக்குக் கத்தி வாங்காதே. அவை பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்கு ஏற்பச் சரித்தே வரும். உன் கையில் அது நீ சொன்ன வழியில் போகாது. நீ இரண்டு பக்கச் சரிவே வாங்கு. இல்லாவிட்டால் கொல்லனிடம் சொல்லி மறுபக்கம் சரித்து அடித்துக்கொள்.

வடசேரி வாசகி: தெருவில் சாணை பிடிக்க வந்தவரிடம் என் மாமனாரின் பழைய கத்தியைக் கொடுத்தேன். தீப்பொறி பறக்கத் தீட்டிக் கொடுத்தார். முனைப்பக்கம் நீலமாக, மயில் கழுத்து மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஒரு வாரத்துக்குக்கூட கூர் நிற்பதில்லை. நிறம்தானே, தேய்த்தால் போய்விடாதா?

நிறத்தைத் தேய்த்தால் போய்விடும் அம்மா. போன பதம் வராது. இரும்பைக் காய்ச்சித் தோய்த்த பிறகு அதன் முறுக்கைக் கொஞ்சம் இளக்க மறுபடி இதமாகச் சூடாக்குவார்கள். சாதாரணக் கார்பன் இரும்புக் கத்திக்கு அந்தச் சூடு 200 டிகிரி பக்கம். 220 ஆகும்போது வைக்கோல் நிறம் வரும். 300ஐத் தொட்டால் நீலம். நீலம் தெரிந்தது என்றால் அந்த இடம் 300 வரை போய்வந்துவிட்டது என்று கத்தியே சொல்கிறது. அங்கே இரும்பு மெத்தென்று ஆகிவிட்டது. வாய் மெல்லியதாக இருப்பதால் சூடு போக வழியில்லாமல் முதலில் அங்கேதான் ஏறும்.

அந்த ஆளைத் திட்டி என்ன பயன், ஒரு கத்திக்கு அவருக்குக் கிடைக்கிற காசுக்கு நின்று நிதானமாகத் தண்ணீரில் முக்கி முக்கித் தீட்டுவாரா? அடுத்தமுறை பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு நில்லுங்கள். வெறும் விரலால் பிடிக்க முடியாத சூடு வரும் முன்னே முக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு, நீலம் ஒன்றிரண்டு மில்லி அகலம்தான் என்றால் அதைக் கல்லில் குளிரத் தேய்த்துக் கழித்துவிடலாம். அகலமாக இருந்தால் கொல்லனிடம் கொடுத்து மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டும். வெட்டுகத்தியாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன், அதற்கு முதலிலேயே இளக்கமான பதம்தான் வைப்பார்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு தங்கை: அண்ணே, எங்கள் கத்திக்கு இந்தக் கன்னக் கணக்கெல்லாம் உண்டா?

உங்கள் கத்தி என் கணக்குக்குள் அடங்காது. அது வளைந்த உளி. எந்தப் பக்கம் சரிவு இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் கல் போடுங்கள். மறுபக்கத்தில் பிசிறு எடுக்க மட்டும் ஒரு தடவல். பள்ளமான உட்பக்கத்துக்குத் தட்டைக் கல் எட்டாது, விளிம்பு உருண்ட சின்னக் கல் வேண்டும். நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, மழுங்கின கத்தி பட்டையை வெட்டாது, நசுக்கும். கை தானாக அழுத்தும். அழுத்தினால் ஒரு மில்லி தள்ளி இருக்கிற தண்ணிப்பட்டையில், அதாவது புதுப்பட்டை பிறக்கிற உட்படலத்தில், காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இத்தனை கத்தியிலும் கன்னத்தை ஒருநாள்கூட அலட்சியம் பண்ண முடியாதது உங்களுடையதுதான். பெங்களூர்த் தம்பி இதைப் படித்தால் நல்லது.

குளச்சல் வாசகர்: மீனுக்கு?

மெல்லிசு ஃபுல் ஃப்ளாட், ஸ்டெயின்லெஸ். கடற்கரைக் காற்றில் கார்பன் இரும்பு ஒரு ராத்திரியில் செம்பட்டை பூக்கும். சூரைத் தலை உடைக்க மட்டும் வெட்டுகத்தி.

தேங்காப்பட்டணம் வாசகர்: ஹாலோ கத்தியை வைத்து, முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கலாமா?

பிளக்கலாம். ஒருதரம்.

(ஸ்காண்டியில் அடிக்கலாம். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஓடியிருக்க வேண்டும், கணு இல்லாத விறகாக இருக்க வேண்டும், கத்தி கோணாமல் நேராக நிற்க வேண்டும். என்னைக் கேட்டால், அதற்கும் வெட்டுகத்திதான்.)

தக்கலை வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் பட்டறையில் இப்போது என்ன கத்தி இருக்கிறது?

ஜன்னலோரப் பலகையில் மூன்று. ஒன்று, பேரன் வாங்கிக்கொடுத்த ஸ்காண்டி. பச்சைப் பூவரசு, பலா கிடைக்கும்போது கரண்டி செதுக்க. பலாவின் பால் ஒட்டிப் பிடித்தால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பேன், தண்ணீர் காட்டுவதில்லை. இரண்டு, முனை ஒடிந்த ஒரு பிச்சாத்தி, சின்னக் கைக்கத்தி. பென்சில் சீவ, கயிறு அறுக்க, மத்தியானம் மாங்காய் நறுக்க.

மூன்றாவது அப்பாவின் வெட்டுகத்தி. பிடி இரண்டுமுறை மாற்றியாகிவிட்டது. அலகு அகலத்தில் ஒரு விரலுக்கு மேல் தேய்ந்துவிட்டது. அந்தப் புளியங்கொம்புப் பிறை தீட்டித் தீட்டி எப்போதோ மறைந்துபோனது. ஆனால் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், வாயிலிருந்து ஒரு விரல் மேலே, நான் பதினேழு வயதில் போட்ட அரத்தின் கீறல் நாலு இன்னும் கன்னத்தில் தெரிகிறது.